ஊர் மாறிய கால்கள்

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுத முனைந்தோர் இரப்பர்த் தோட்டத்தை எழுதினர். இருப்புப்பாதையையும் கோயிலையும் தொழிற்சங்கத்தையும் தமிழ்ப்பள்ளியையும் எழுதினர். காற்பந்துத் திடலை எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும் பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ கிள்ளானிலோ மாலைப்பொழுதில் ஓர் ஒட்டுக்கடையில் அமர்ந்து அங்கு நடக்கும் பேச்சுக்குச் செவி கொடுத்தவர்கள், நம்மவர் நால்வர் கூடினால் அரசியலுக்கு முன்பே காற்பந்து வந்துவிடும் என்பதை அறிவர். அப்பேச்சில் இரண்டு வழக்குகள் நெடுங்காலமாகத் தீர்ப்பின்றி நடந்து வருகின்றன. ஒரு குழுவை விட்டு மற்றொரு குழுவுக்குச் சென்ற ஆட்டக்காரரை இனி நம்மவர் என்று கொள்ளலாமா என்பது முதல் வழக்கு. புதிதாக வந்த ஆட்டமுறை பழைய ஆட்டத்தைக் கெடுத்ததா, வளர்த்ததா என்பது இரண்டாவது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்பதும், இரண்டுக்கும் அடியில் தமிழ் இளைஞனுக்குத் திடலில் எந்த இடம் என்ற கேள்வி மறைந்து நிற்கிறது என்பதும் என் எண்ணம்.

இத்தகைய வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் காற்பந்து என்ற பெயரால் பெரும்பாலும் கையைக் கொண்டே ஆடப்படும் விளையாட்டு ஒன்று உண்டு. அங்குக் கல்லூரிக் குழுக்களின் ஆட்டத்தைக் காணவே ஓர் இலட்சம் பேர் அமரும் அரங்குகள் இருக்கின்றன. தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் ஆட்டக்காரரைக் குவார்ட்டர்பேக் என்பர். ஒரு கல்லூரியிலிருந்து மறு கல்லூரிக்கு மாற விரும்பும் மாணவர் தம் பெயரைப் பதிந்துகொள்ளும் முறை 2018-இல் ஏற்பட்டது. மாறியவர் ஓராண்டு ஆடாது காத்திருக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு 2021-இல் தளர்த்தப்பட்டது. அன்று தொட்டு, வேற்றூரிலிருந்து வந்த குவார்ட்டர்பேக் நம் கல்லூரியின் பிள்ளையா என்பதும், ஆட்டக்காரரைத் திடலின் அகலம் முழுவதும் பரப்பிக் காவலை மெலியச் செய்யும் புதுமுறை நன்றா தீதா என்பதும் அந்நாட்டு இரசிகர்களின் ஓயாத பேச்சாக உள்ளன. கடல் கடந்த அந்த வழக்கைக் கேள்வியுறும் பிரிக்பீல்ட்ஸ்காரருக்கு வியப்பொன்றும் தோன்றாது. அவர் இதைத் தம் தந்தையார் காலத்திலேயே கேட்டிருக்கிறார்.

நம் நாட்டுக் கதை 1921-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு மலாயாவுக்கு வருகை தந்த ‘எச்.எம்.எஸ். மலாயா’ என்னும் போர்க்கப்பலின் மாலுமிகள் அளித்த கிண்ணமே மலாயாக் கிண்ணமாயிற்று. 1967-இல் அது மலேசியக் கிண்ணம் எனப் பெயர் பெற்றது. முதல் இறுதியாட்டம் கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப்பின் முன்னிருந்த பாடாங்கில் நடைபெற்றது. சிங்கப்பூர் இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் சிலாங்கூரை வென்றது. சிங்கப்பூருக்கும் சிலாங்கூருக்கும் இடையே பிற்காலத்தில் மூண்ட பெரும் போட்டிக்கு அன்றே விதை விழுந்தது எனலாம்.

அக்காலத்தில் ஓர் ஆட்டக்காரர் தாம் வேலை பார்த்த மாநிலத்துக்கே பெரும்பாலும் ஆடினார். ஊதியம் காற்பந்தால் வரவில்லை, அலுவலகத்தால் வந்தது. கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துக்கும் இடையே 1886-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன்பின் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் வந்த யாழ்ப்பாணத் தமிழரும், பாதை போடவும் பட்டறையில் உழைக்கவும் வந்த தமிழகத் தமிழரும் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளிலும் செந்தூல் பட்டறையைச் சுற்றியும் குடியேறினர். விவேகானந்தா ஆசிரமம், கிறித்துவ இளைஞர் சங்கம், தமிழர் உடற்பயிற்சிக் கழகம் எனப் பல அமைப்புகள் நகரில் தோன்றின. உத்தியோகம் பார்த்தவர்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளித் திடல்களில் காலணியோடு ஆடினர். தோட்டத்துப் பிள்ளைகள் லயத்துக்கும் கோயிலுக்கும் இடையிலிருந்த வெளியில் வெறுங்காலோடு ஆடினர். ஞாயிறு தோறும் தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி. வென்ற குழு லாரியில் பாடிக்கொண்டே திரும்பும். தோற்ற குழுவும் பாடிக்கொண்டேதான் திரும்பும்.

இங்கு ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். ‘மாற்றல்’ என்ற சொல்லைக் காற்பந்துக்காக எவரும் புதிதாகப் படைக்கவில்லை. இருப்புப்பாதை ஊழியருக்கு ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றல் வரும்; குடும்பம் பெட்டி படுக்கையோடு புறப்படும். நேற்றுவரை பேராக்குக்கு ஆடியவர் இன்று சிலாங்கூருக்கு ஆடுவார். அவரைத் துரோகி என்று எவரும் தூற்றவில்லை. உத்தரவு மேலிடத்தது, மனிதர் என்ன செய்வார் என்றார்கள். பிற்காலத்தில் ஆட்டக்காரரே விரும்பி மாறியபோதுதான் ‘பணத்துக்காகப் போய்விட்டான்’ என்ற ஏச்சு எழுந்தது. கடல் கடந்து வந்து, தோட்டம் தோட்டமாக மாறி, பிறகு நகரத்துக்குப் பெயர்ந்த ஒரு சமுதாயம் ஓர் இளைஞன் ஊர் மாறியதைக் குற்றமாகப் பேசியது விந்தையே. ஆயினும் அவ்வேச்சை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். எல்லாம் பெயர்ந்துகொண்டிருந்த வாழ்வில் நிலையாக இருந்தது சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் சட்டை ஒன்றே எனப் பலருக்குத் தோன்றியிருக்கலாம்.

அச்சட்டையில் நம்மவர் சிறந்து விளங்கிய காலம் எழுபதுகள். 1972-ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் காற்பந்துக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தற்காப்பு ஆட்டக்காரரான எம். சந்திரன். அக்குழு மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றாலும் அமெரிக்காவை மூன்றுக்குச் சுழியம் என வென்றது. 1974-இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டில் மலேசியா வெண்கலம் பெற்றது. அத்தலைமுறையின் கோல் காவலராக நெடுங்காலம் நின்றவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் எட்டாத பந்தையும் எட்டிப் பிடித்ததனால் மக்கள் அவரைச் சிலந்தி மனிதர் என்றழைத்தனர். சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் அவர் முன்னே சுவராக நின்றனர். முன்னணியில் செத்தாப்பாக்கில் பிறந்த மொக்தார் டஹாரி இருந்தார். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவும், ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததை எதிர்த்து நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததனால் மாஸ்கோ போகாமலே நின்ற குழுவும் இதுவே. நமக்குப் பதிலாக ஈராக் சென்றது. ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மாண்டார். அப்போது வயது 35. 2016-இல் வெளிவந்த ‘ஓலா போலா’ திரைப்படம் இக்குழுவின் கதையைத் தழுவியதே.

ஆட்டமுறையைப் பற்றிச் சிறிது கூறாமல் மேலே செல்ல இயலாது. ஆங்கிலேயர் கொண்டுவந்தது இரண்டு, மூன்று, ஐந்து என்ற அமைப்பு: பின்னே இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர். 1925-இல் ‘ஆஃப்சைட்’ விதி மாற்றப்பட்டதும் நடுவர் ஒருவரைப் பின்னுக்கு இழுத்துக் காவல் வைத்தனர். 1953-இல் ஹங்கேரிக் குழு இலண்டன் வெம்பிளியில் இங்கிலாந்தை ஆறுக்கு மூன்று என நொறுக்கியபோது, அதன் மைய முன்னணி ஆட்டக்காரர் ஹிடெகுட்டி பின்வாங்கி நின்றதனால் அவரைக் காக்க வேண்டியவர் எங்கே நிற்பதென அறியாது திகைத்தார். 1958-இல் பிரேசில் நான்கு, இரண்டு, நான்கு என்ற அமைப்பால் உலகக் கிண்ணம் வென்றது. 1974-இல் ஹாலந்து எவரும் எவ்விடத்திலும் ஆடலாம் என்று காட்டிற்று. இம்மாற்றங்களில் ஒரு பொதுவிதியைக் காணலாம். திடலின் நீளத்தைக் கைப்பற்றுவதிலிருந்து அகலத்தைக் கைப்பற்றுவதை நோக்கி ஆட்டம் நகர்ந்திருக்கிறது. எதிரணியை விரிய வைத்தால் இடையில் வழி பிறக்கும். நம் பழைய இரசிகர்கள் இதைத் தத்துவமாகச் சொல்லவில்லை. ‘ஓரத்துல போடு, ஓரத்துல போடு’ என்று மெர்டேக்கா அரங்கின் படிக்கட்டுகளிலிருந்து கூவினார்கள். பொருள் ஒன்றே.

இனி, ஆட்டக்காரர் மாறியதைப் பேசுமுன் இரசிகர் மாறியதைப் பேச வேண்டும். 1974 பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டுக் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. சிலாங்கூருக்கு ஷா ஆலாம் 1978-இல் தலைநகராயிற்று. பிரிவின் நினைவாக நெடுஞ்சாலையின் குறுக்கே கோத்தா டாருல் ஏசான் வளைவு எழுந்தது. பிரிக்பீல்ட்ஸ்காரர் தம் வீட்டுத் திண்ணையை விட்டு ஓரடியும் நகரவில்லை. ஆயினும் அவர் சிலாங்கூர்க்காரர் அல்லர் என்றாயிற்று. கிள்ளானில் இருந்த அவர் தங்கை சிலாங்கூரிலேயே இருந்தார். புதிய பிரதேசத்துக்கெனத் தனிக் காற்பந்துக் குழு எழுந்தபோது, அதற்குக் கைதட்டுவதா, பழைய சிவப்பு மஞ்சளுக்கா என்ற குழப்பம் பல குடும்பங்களில் நிலவியது. எங்கள் வட்டாரத்தில் இவ்வழக்கு ஒரு திருமண வீட்டுப் பந்தியில் எழுந்து, இலை எடுத்த பின்னும் அடங்கவில்லை.

இக்குழப்பத்தைத் தீர்த்துவைத்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதுதான் வேடிக்கை. சிங்கப்பூர்க் குழுவின் விண்மீன்களான ஃபாண்டி அகமதுவும் மாலேக் அவாப்பும் கோலாலம்பூருக்கு ஆட வந்தனர், அவர்களோடு கே. கண்ணனும் வந்தார். சௌ குவாய் லாம் பயிற்றுநர். 1987, 1988, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளும் கோலாலம்பூரே மலேசியக் கிண்ணத்தை வென்றது. மூன்று இறுதியாட்டங்களிலும் தோற்றது கெடா. எழுபதுகளில் சிங்கப்பூர் என்றாலே பல்லைக் கடித்த மக்கள், 1980-இல் சிங்கப்பூர் சட்டையணிந்து சிலாங்கூரை வீழ்த்திய அதே ஃபாண்டிக்கு எழுந்து நின்று கைதட்டினர். அக்காலத்து ஒட்டுக்கடைப் பேச்சு ஏறத்தாழ இவ்வாறு இருக்கும்:

“அண்ணே, நேத்து வரைக்கும் நம்மள அடிச்சவன் அவன். இன்னிக்கி நீங்க அவனுக்கு விசில் அடிக்கிறீங்க.”

“தம்பி, என் மருமகனும் நேத்து வரைக்கும் வேற வீட்டுப் பையன்தான்.”

அண்ணன் சொன்ன விடையில் நகைச்சுவை இருக்கிறது. வழக்குரைஞரின் திறமும் இருக்கிறது. ஆயினும் தம்பியின் ஐயத்துக்கு அது முழு விடையாகாது. கண்ணன் வந்து நடுத்திடலில் ஆடியதைத் தமிழர் பெருமையாகக் கொண்டனர். அவர் வந்தமையால் அவ்விடத்துக்காகக் காத்திருந்த செந்தூல் பையன் எவனேனும் பெஞ்சில் அமர்ந்தானா என்று அன்று எவரும் கேட்கவில்லை. வெற்றி கேள்விகளைச் சில ஆண்டுகளுக்கு ஒத்திவைக்கும் வல்லமை உடையது.

1989-இல் பாதித் தொழில்முறை லீக் தொடங்கியது. முன்பு சிலாங்கூர் மாநில வளர்ச்சிக் கழகமும் வங்கிகளும் ஆட்டக்காரருக்கு வேலை கொடுத்து, அவ்வேலையின் பெயரால் சோறு போட்டன. இனி ஆட்டமே வேலையாயிற்று. அடுத்த ஆண்டிலேயே மாற்றலின் கூர்முனை சிலாங்கூரைக் குத்தியது. சிங்கப்பூர்த் தமிழரான வி. சுந்தரமூர்த்தி கெடாவுக்கு ஆடினார். 1990 இறுதியாட்டத்தில் கெடா மூன்றுக்கு ஒன்று எனச் சிலாங்கூரை வென்று கிண்ணம் கொண்டது. காலில் பந்தை ஒட்டவைத்துக்கொண்டு இருவரை ஏய்க்கும் அவர் ஆட்டம் கிள்ளானில் ஒரு விநோத நிலையை உண்டாக்கியது. குழு தோற்கிறது, தோற்கடிக்கும் அணியில் இருப்பவனோ நம் பிள்ளை. 1992-இல் அவர் ஃபாண்டியோடு பகாங்குக்கு ஆடினார். அவ்வாண்டு லீக்கும் கிண்ணமும் பகாங்குக்கே சென்றன. ஊர்ப்பற்றையும் இனப்பற்றையும் ஒரே துலாக்கோலில் நிறுக்க வேண்டிய கட்டாயம் அன்றைய இரசிகருக்கு வந்தது. அவற்றுள் எது கனமானது என்று அவரவர் மனமே அறியும்.

பணம் வந்த இடத்துக்கு அதன் நிழலும் வந்தது. 1994-இல் இலஞ்ச ஊழல் வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர்; பலர் தடை செய்யப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில், புதிதாகத் திறக்கப்பட்ட ஷா ஆலாம் அரங்கில் பகாங்கை நான்குக்குச் சுழியம் என வென்று கிண்ணத்துடன் வெளியேறிய சிங்கப்பூர், அதன்பின் நெடுங்காலம் இப்போட்டிக்குத் திரும்பவில்லை. மெர்டேக்கா அரங்கின் காலமும் முடிந்தது. 80,000 பேர் அமர்ந்த ஷா ஆலாம் அரங்கு எழுந்த நகரமோ, சுங்கை ரெங்கம் முதலிய தோட்டங்கள் இருந்த நிலத்தில் உருவானது. பிறகு பிராங் பெசார் தோட்டத்தின் மீது புத்ராஜெயா எழுந்தது. தோட்டம் போனதும் லயம் போயிற்று. லயத்தோடு அந்த வெளியும் போயிற்று. பெயர்ந்த குடும்பங்கள் அடுக்குமாடிகளில் ஏறின. நான்காம் மாடியில் பந்து உருட்ட இடமில்லை. சந்திரன் காலத்தில் தமிழ்ப்பெயர் இன்றித் தேசியக் குழுவை நினைப்பதே அரிது. பின்னர்த் தமிழ்ப்பெயரைத் தேடிக் காணும் நிலை வந்தது. இதற்குப் பாகுபாடே காரணம் என்போர் உளர். நம் பெற்றோர் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்ப மறுத்ததே காரணம் என்போரும் உளர். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் திடல் இல்லாத இடத்தில் மற்றக் காரணங்களைப் பேசுவது, கிணறு தூர்ந்த வீட்டில் கயிற்றின் நீளத்தைப் பேசுவது போன்றது.

இந்நிலையில்தான் வெளிநாட்டு ஆட்டக்காரரின் கேள்வி கூர்மையடைந்தது. நம் கழகங்கள் அயல்நாட்டிலிருந்து பெரும்பாலும் கோல் அடிப்பவரையே விலைக்கு வாங்கின. ஆகவே உள்ளூர் இளைஞனுக்கு முன்னணியில் இடம் சுருங்கியது. 2009 முதல் 2011 வரை மூன்று பருவங்களுக்கு மலேசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர் தடுக்கப்பட்டனர். அதே காலத்தில் தேசியக் குழுவின் பயிற்றுநராக இருந்தவர் கே. ராஜகோபால், முன்னர்ச் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடியவர். 2009-இல் வியந்தியானில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் அவருடைய இளைஞர்கள் வியட்நாமை வென்று, 1989-க்குப் பின் முதன்முறையாகக் காற்பந்துத் தங்கத்தைக் கொண்டுவந்தனர். மறு ஆண்டு ஆசியான் நாடுகளின் சுசூகிக் கிண்ணம். முதல் ஆட்டத்திலேயே ஜகார்த்தாவில் இந்தோனேசியா ஐந்துக்கு ஒன்று என நம்மைத் துவைத்தது. ராஜகோபாலைத் தொலைத்துக்கட்டிய ஒட்டுக்கடைகள் அன்றிரவு எத்தனையோ! அதே இந்தோனேசியாவை இறுதியில் மீண்டும் சந்தித்தபோது, டிசம்பர் 26-ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் பிற்பாதியில் சற்றேறக்குறையப் பத்து நிமிடங்களில் மூன்று கோல்கள் விழுந்தன. சஃபீ சாலி இரண்டு, முகமது அஷாரி ஒன்று. ஜகார்த்தாவில் இரண்டுக்கு ஒன்று எனத் தோற்றும், மொத்தக் கணக்கில் நான்குக்கு இரண்டு எனக் கிண்ணம் நமதாயிற்று. அயலார் இல்லாத லீக்கில் உள்ளூர் இளைஞர் ஆடிப் பழகியதே இவ்வெற்றிக்குக் காரணம் என்று சிலர் அறுதியிட்டுரைக்கின்றனர். அவ்வளவு எளிதாகக் கணக்கை முடித்துவிட முடியாது; பயிற்றுநரின் பொறுமைக்கும் பங்குண்டு. எனினும் இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பதை எவரும் மறைக்க முடியாது.

அக்குழுவின் ஓரத்தில் ஓடியவர் எஸ். குணாளன். அவருடைய பயணத்தில் நான் மேலே கூறிய இரண்டு வழக்குகளும் ஒன்றாகச் சந்திக்கின்றன. நெகிரி செம்பிலான் குழுவோடு மலேசியக் கிண்ணம் வென்றார். 2012-இல் சிலாங்கூருக்கு வந்தார். பின்னர் ஜோகூர் டாருல் தாக்சிமுக்குச் சென்றார். 2015-இல் அக்கழகம் துஷான்பேயில் தாஜிகிஸ்தானின் இஸ்திக்லோல் குழுவை ஒன்றுக்குச் சுழியம் என வென்று ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் கிண்ணத்தைப் பெற்றது. மலேசியக் கழகம் எதுவும் அதற்கு முன் அதை வென்றதில்லை. முன்னணியின் ஓரத்தில் தொடங்கிய குணாளன் அங்கு வலப்புறக் காவலராக மாறியிருந்தார். வெளிநாட்டவர் 2012-இல் திரும்பி வந்து முன்னணியை நிரப்பியதனால் அவர் பின்னுக்குத் தள்ளப்பட்டார் என்று கிள்ளான் நண்பர்கள் குறைப்படுவர். இக்கால ஆட்டமுறையை அறிந்தோர் அதை வேறாகக் காண்பர். ஓர முன்னணியினர் உள்ளே வெட்டி நுழையும் இந்நாளில், திடலின் அகலத்தை விரித்துக் கொடுப்பவர் காவலரே. பின்னிருந்து புறப்பட்டு எதிரணியின் மூலை வரை ஓடிப் பந்தைக் கொடுத்து, மூச்சு வாங்குமுன் திரும்பி ஓடி வருவது அவர் தொழில். பழைய ஓர ஆட்டக்காரரின் வேலையும் பழைய காவலரின் வேலையும் ஒருவர் தலையில். இரு தரப்பாரும் ஓரளவு சரியே. குணாளன் பின்னால் போனது உண்மை. அங்கிருந்தே முன்னால் ஓடினார் என்பதும் உண்மை.

மற்றொரு முயற்சியையும் இங்குப் பதிந்துவைக்க வேண்டும். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் ஆதரவில் எழுந்த குழு கீழ்நிலை லீக்கிலிருந்து படிப்படியாக ஏறி, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரோடு உயர்நிலை லீக்கில் நுழைந்தது. பி. மணியம் அதன் பயிற்றுநரானார். 2021-இல் அக்கழகம் வெளிநாட்டு ஆட்டக்காரர் எவருமின்றி, உள்ளூர் இளைஞரை மட்டுமே கொண்டு களமிறங்கத் துணிந்தது. ஜோகூர் போன்ற செல்வக் கழகங்களின் முன் இது மடமை என்றனர் பலர். அக்குழு கிண்ணம் எதையும் வெல்லவில்லை. ஆனால் அதனிடம் எளிதாக வெல்லலாம் என்று வந்தவர்கள் வியர்த்துத் திரும்பிய நாள்கள் உண்டு. கெலானா ஜெயா அரங்கின் இருக்கைகளோ பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன. நம் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று ஐம்பது ஆண்டு வழக்காடிய நாம், இடம் கிடைத்த இடத்துக்குச் சீட்டு வாங்கிச் செல்லவில்லை. இதை எழுதும்போது கை சற்றே தயங்குகிறது.

2022 பருவம் முடிந்ததும் அக்கழகம் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. ஆட்டக்காரர்கள் தத்தம் வழியே வேறு மாநிலக் குழுக்களைத் தேடிச் சென்றனர். அவ்வாண்டின் கடைசி வாரங்களில் பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடைகளில் தேநீர்க் கோப்பைகளுக்கிடையே பேசப்பட்டது, யார் எந்த ஊருக்குப் போகிறார் என்பதே.